நாட்காட்டி சொன்ன சாட்சி

அழுகையும் சீற்றமும் மாறிமாறி வந்தமையால், என் அறைத்தோழிக்கு இருமுனை மனநோய் என்றார் மருத்துவரொருவர். அவை எப்போது வருகின்றன என்று அவர் வினவவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மாதவிடாய் பற்றி வாய்திறக்கப் பட்டதாரி மாணவியர்க்கும் வெட்கம்!

வேறொருவர், இரு சுழற்சிகளுக்கு நாள்தோறும் மனநிலையைக் குறித்துவரப் பணித்தார். விடுதி நாட்காட்டியிற் குறித்தோம். மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் இருள், தொடங்கிய இரண்டொரு நாளிற் தெளிவு, இருமுறையும் அவ்வாறே. இருமுனை நோயின் எழுச்சியும் சோர்வும் பொதுவாக இத்தகைய நாட்கணக்குக்கு அடங்குவனவல்ல. உறங்காதும் களைப்பறியாத அவ்வெழுச்சியை அவளிடம் நான் கண்டதேயில்லை. 2013 இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு தனிநோயாக ஏற்ற மாதவிடாய்முன் மனநிலைக் கோளாறே அவளுடையது.

இது வெறும் பெயர்ச்சிக்கலன்று. இதனைத் தணிக்கும் மனச்சோர்வு மருந்து, இருமுனை நோயில் தனித்துக் கொடுக்கப்படின் பித்தெழுச்சியைத் தூண்டவுங்கூடும். இரண்டும் ஒருவரிடமே உடனிருத்தலும் உண்டென்று மருத்துவர் கூறியமையால், மூன்றாம் மாதத் தாளிலும் அவள் குறித்துவருகிறாள்.