முழுப் பெயர்

ஒரு போஸ்டரில் ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும்? சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் ரத்தமே சிந்தியது. 2008 நவம்பரில் மாணவர்கள் கட்டையோடு மோதிக்கொண்டதையும், போலீஸ் வேடிக்கை பார்த்ததையும் டிவியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகராறுக்கு ஒரு காரணம், கல்லூரிப் பெயரிலிருந்து 'அம்பேத்கர்' இல்லாமல் அச்சான போஸ்டர்.

1891-ல் தொடங்கிய கல்லூரி அது. அம்பேத்கர் பெயர் வந்தது 1990-ல். மோதலை விசாரித்த ஆணையம், இடம் மாற்றச் சொன்னது. பக்கத்திலேயே ஹைகோர்ட் இருந்தால்தானே தொழில் பழக முடியும் என்று மாணவர்கள் போராடினார்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் 2018-ல் கல்லூரி இரண்டாகி, ஒன்று புதுப்பாக்கத்துக்கும் மற்றொன்று திருவள்ளூர் தாண்டிப் பட்டறைபெரும்புதூருக்கும் போனது.

இப்போது அம்பத்தூர், ஆவடியில் இருந்து திருவள்ளூர் ரயிலேறி, அங்கிருந்து பஸ் பிடிக்கிறார்கள் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவரின் மகள். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள்.

"எந்தக் காலேஜும்மா?" என்றார் ரயிலில் ஒரு பாட்டி.

"டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, பாட்டி."

"லா காலேஜுன்னா போதாதா? இம்மாம் நீளமா சொல்ற!"

"போதாது பாட்டி."

அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14, தமிழ்நாட்டில் 2022 முதல் சமத்துவ நாள். மாலை, உறுதிமொழி எல்லாம் உண்டு. அவளும் கை நீட்டி உறுதிமொழி சொல்வாள். ஆனால் அன்று மதியம் யார் டிபன் பாக்ஸில் யார் கை வைக்கிறார்கள் என்பதைத்தான் உற்றுப் பார்ப்பாளாம்.