திரை பிடுங்கும் பேச்சு

சின்னக் குழந்தை கையில் செல்போனைக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தால், கண் கெட்டுவிடும், பிடிவாதம் கூடிவிடும் என்ற கவலைகளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவையும் கவலைப்பட வேண்டியவைதான். ஆனால் பேசப் பழகும் வயதில் திரையால் வரும் பெரிய நஷ்டம், அது வீட்டிலுள்ளவர்களின் பேச்சை நிறுத்திவிடுவதுதான் என்பது என் கட்சி. சோறு ஊட்டும் நேரத்தையே பாருங்கள். போன் இல்லாவிட்டால் ஒரு கவளத்துக்கு நாலு வார்த்தை நடக்கும். காக்கா வரும், பூனை வரும், "இந்த வாய் யாருக்கு, அம்மாவுக்கா பாப்பாவுக்கா?" என்ற கேள்வி வரும், குழந்தை தலையை ஆட்டி மறுக்கும், மழலையில் ஏதோ பதிலும் சொல்லும். பாட்டு வீடியோ ஓடத் தொடங்கியதும் வாய் தானாகத் திறக்கிறது. உள்ளே போவது பருப்புச் சாதமா ரசம் சாதமா என்றுகூட அது கவனிப்பதில்லை. கிண்ணம் சீக்கிரம் காலியாகிவிடுகிறது என்பது உண்மை. ஊட்டுகிறவரும் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சிறு ஒலிப்பதிவுக் கருவியை அணிவித்து ஆராய்ந்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று வயதில், திரை நேரம் ஒரு நிமிடம் கூடினால் குழந்தை கேட்கும் பெரியவர்களின் சொற்களில் ஆறேழு குறைந்திருந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகளிலும் ஏறக்குறைய ஐந்து குறைந்திருந்தன. கலகலப்பாகப் பேசாத வீடுகளில்தான் திரையும் அதிகம் ஓடுகிறதோ என்னவோ, பழியைத் திரைமேல் போடலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆய்வாளர் பாட்ரிசியா குல் அமெரிக்காவில் நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனை வேறு வகை. ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடினார்கள். இன்னொரு பகுதியினருக்கு அதையே படம்பிடித்துக் காட்டினார்கள். பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பிறகு, நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறிய முடிந்தது. திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் பதியவில்லை. ஏ பி சி டி பாட்டை யூடியூபே சொல்லிக் கொடுத்துவிடுகிறதே என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாட்டை ஒப்பிக்க வருவதும் பேச வருவதும் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் துபாயிலிருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவதும் கூடாதா? கூடும். இரண்டரை வயதுக்குட்பட்ட குழந்தைகள்கூட, திரையின் மறுபக்கத்திலிருப்பவர் பதிலுக்குப் பதில் பேசினால் புதுச் சொற்களைக் கற்கிறார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்னும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அதற்கு மேல் ஐந்து வயதுவரை, பெரியவர் உடனிருக்க, ஒரு மணி நேரத்துக்குள் என்பது அவர்கள் வரம்பு.

கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. பாட்டி தாத்தா உடனில்லாத வீட்டில், வேலைக்கும் போய் வந்து அடுப்படியிலும் நிற்கும் பெண்ணிடம் போனைக் கொடுக்காதே என்று சொல்வது சுலபம். சொல்கிறவர் பெரும்பாலும் சமைக்கிறவர் அல்ல. குக்கர் விசில் வரும்வரை மூன்று வயதுப் பிள்ளை பொம்மைப் படம் பார்த்தால் குடி முழுகிவிடாது. ஆனால் பேச்சுக்கென்று தனி நேரம் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டாணி உரிக்கையில் இரண்டு தோலை அதன் கையில் கொடுக்கலாம். துணி மடிக்கையில் "இது யார் சட்டை?" என்று கேட்கலாம். வேலை சற்று இழுக்கும், அவ்வளவுதான். அந்த இழுபறி முழுவதும் அம்மா தலையில் விழுவதுதான் அநியாயம். கூடத்தில் யாரும் பார்க்காமல் ஓடும் சீரியலை நிறுத்துவதும், வீட்டுக்கு வந்ததும் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருவதும் அப்பாக்கள் செய்யக்கூடிய வேலை. அதை அவர்கள் செய்யட்டும்.