தாயைக் காட்டச் சொல்லுங்கள்

வில்லியனூரிலிருந்து மங்கலம் போகும் பக்கம் வாழைத் தோப்புகளுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகைகள் தென்படும். பெரும்பாலும் மாட்டுக் கொட்டகைகள், கோழிப் பண்ணைகள். ஒன்றிரண்டில் நாய்கள். டவுனில் நாலைந்து நாய் வைத்துக் குட்டி எடுத்தால் குரைப்புச் சத்தத்துக்கே அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கிராமத்தில் இடம் இருக்கிறது, போர்த் தண்ணீர் இருக்கிறது. குட்டி கேட்டு வருகிறவர்களுக்குப் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்றும் பக்கம். சென்னையும் எட்டாத தூரமில்லை.

நான் போன கொட்டகையின் உரிமையாளர் முன்பு கறவை மாடு வைத்திருந்தவர். பால் விலையும் தீவன விலையும் ஒத்துவராமல் மாடுகளை விற்றுவிட்டு நாய்க்கு வந்தார். இப்போது லேப்ரடார்கள், கூடவே ராஜபாளையம் ஒரு ஜோடி. தொழிலைப் பற்றி ஒளிக்காமல் பேசினார். “மாடு சினை பிடிக்கலைன்னா ஒரு வருஷம் போச்சு. இது ஆறேழு மாசத்துல திரும்ப ஹீட்டுக்கு வந்துடும் சார். ஆசை அங்கதான் புடிச்சு இழுக்குது.”

அந்த ஆசைக்குச் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி எடுத்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது. 12 மாதத்தில் ஓர் ஈற்றுதான், வாழ்நாளில் ஐந்துதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கடைக்காரர்களோ முப்பத்தைந்தாம் நாளே குட்டியைக் கேட்கிறார்கள். அந்த வயதில்தான் பொம்மை மாதிரி இருக்கும், பார்த்தவுடன் விலை போகும். தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் கடித்துப் புரண்டு, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்கிற வாரங்களும் அவைதான். முன்கூட்டியே பிரிக்கப்பட்ட குட்டி பிற்பாடு கையைக் கடித்தால் பழி நாயின் மேல் விழுகிறது.

கொட்டகையை உண்மையில் நடத்துகிறவர் ஓர் அக்கா. நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். விடிவதற்கு முன்பே வந்து தரை கழுவுவதில் அவருடைய நாள் தொடங்குகிறது. பினாயில் வாசனை வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வந்தது ப்ளீச்சிங் பவுடர் நெடி. பார்வோ கிருமி பினாயிலுக்கு அசையாது, ப்ளீச்சிங்குக்குத்தான் சாகும் என்று ஒரு கால்நடை மருத்துவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஓர் ஈற்றுக் குட்டிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகக்கூடிய நோய் அது. ரத்தமாகக் கழிந்து, ஓரிரு நாளில் குட்டி சுருண்டுவிடும். அக்கா செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விடுவார். என்னையும் விடச் சொன்னார்.

பிரசவம் பார்ப்பதில்தான் அவர் கைத்திறனை அறிய முடியும். நாய்க்குக் கர்ப்பம் ஏறத்தாழ 63 நாள். ஐம்பத்தெட்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைக்கிறார். நாயின் இயல்பான உடல் சூடு 101, 102 டிகிரியைச் சுற்றி இருக்கும். “நூறுக்குக் கீழ எறங்கி தொண்ணூத்தெட்டு கிட்ட வந்துடுச்சுன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கம் கெடையாது தம்பி” என்றார். தாய் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், சாக்கைப் பிறாண்டும், மூச்சு வாங்கும். முதல் குட்டி வருவதற்கு முன்னாலேயே பச்சையாகத் திரவம் வந்தால் ஆபத்து. அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லை என்றாலும் ஆபத்து. இரண்டுக்கும் டாக்டருக்குப் போன் செய்வதைத் தவிர வேறு வைத்தியம் அவர் அறியார், அறிய விரும்பவும் இல்லை. மருந்துக் கடையில் ஊசி வாங்கித் தாங்களே போட்டுவிடுகிறவர்கள் உண்டு. குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டிருக்கும்போது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசியைப் போட்டால் கருப்பையே கிழிந்துபோகலாம். “நம்ம அவசரத்துக்கு அது சாகணுமா?” என்று கேட்டார்.

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, பழைய துணியால் பரபரவென்று தேய்த்து, கீச்சென்று குரல் வந்த பிறகுதான் தாயிடம் விடுகிறார். எத்தனை குட்டியோ அத்தனை நஞ்சுக்கொடி விழுந்ததா என்று எண்ணுகிறார். உள்ளே ஒன்று தங்கினால் தாய்க்கு விஷம். அன்றாடம் ஒவ்வொரு குட்டியையும் தராசில் வைத்து எடை எழுதுகிறார். எடை ஏறாத குட்டிக்கு அதிகப் பால் வரும் பின்காம்பில் இடம் பிடித்துத் தருகிறார். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தாய் நடுங்கினாலோ கால் விறைத்தாலோ கால்சியம் இறங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். அதுவும் நேரம் கடந்தால் உயிர் போகும் விஷயம். இவ்வளவு தெரிந்த ஒருவரின் பெயர் குட்டியின் பதிவுச் சான்றிதழில் எங்கும் வராது. வளர்ப்பாளர் என்ற இடத்தில் உரிமையாளர் பெயர் இருக்கும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, உரிமையாளரிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது “பேப்பர் இருக்கா?” என்றுதான். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிச் சான்றிதழ் அது. தாய் தந்தை, தாத்தா பாட்டி என்று முன்னோர் பெயர்கள் வரிசையாக இருக்கும். பட்டம் வாங்கியிருந்தால் பெயரோடு சேம்பியன் என்று சேர்ந்திருக்கும். அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. வம்சம் தெரிந்தால்தான் எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்றும் தெரியும். ஆனால் அது நாயின் இடுப்பு மூட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பரம்பரையாக வருகிற நோய் இடுப்பு மூட்டு நழுவல். மூட்டின் கிண்ணம் ஆழமில்லாமல் எலும்பு தளர்ந்து உரசி, நடு வயதிலேயே எழுந்திருக்க முடியாமல் போகும். உறுதியாகத் தெரிந்துகொள்ள நாய்க்கு இரண்டு வயது ஆன பிறகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கண்ணின் விழித்திரை மெல்ல அழியும் நோய்க்கு மரபணுச் சோதனையே இருக்கிறது. குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வில்லியனூரிலிருந்து எட்டிப் போகும் தூரம்தான். இருந்தும், இணை சேர்ப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கமாகவில்லை. வாங்குகிறவர் கேட்பதில்லை, அதனால் விற்கிறவர் செலவழிப்பதில்லை.

சேம்பியன் கடுவன் ஒன்று பெயர் வாங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்துப் பெட்டைகள் எல்லாம் அதனிடம்தான் போகும். கடுவனின் உரிமையாளருக்கு ஸ்டட் ஃபீயாகப் பணம், அல்லது ஈற்றில் பிடித்த ஒரு குட்டி. இரண்டு தலைமுறை கழித்துப் பார்த்தால் இந்தப் பக்கத்துக் குட்டிகளில் பாதி ஒன்றுக்கொன்று சொந்தம். மறைந்து கிடக்கும் கோளாறு தாய்வழியிலும் தந்தைவழியிலும் சேர்ந்து வந்தால்தான் வெளிப்படும். நெருங்கிய சொந்தத்தில் அது சேர்வது எளிது. பிரிட்டனின் கென்னல் கிளப் 1873இல் தொடங்கியது. பெற்றதையும் பிள்ளையையும், உடன்பிறப்புகளையும் இணை சேர்த்துப் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை என்று அது முடிவெடுத்தது 2009இல்தான். முந்தைய ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் அதற்குத் தூண்டுகோல். மூளையின் அளவுக்கு மண்டையோட்டில் இடமில்லாமல் வலியில் துடிக்கும் கவாலியர் என்ற இனத்து நாய்களை நாடே அதில் பார்த்தது. புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை 2009இல் பிபிசி ஒளிபரப்பவில்லை. கவாலியர் இனத்தை அதற்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

நம் கடற்கரைக்குப் பக் நாய்தான் கவாலியர். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய பக், இந்தியா முழுக்க அந்த இனத்துக்குக் கிராக்கியை உண்டாக்கியது. நாய்க்கு மனிதர்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூக்கைத் தட்டையாக்கிக் கொண்டே வந்ததில் மூக்குத் துளை கீறலாகிவிட்டது, உள்ளண்ணம் நீண்டு மூச்சுக் குழல் வாயை அடைக்கிறது. மே மாதம், காற்றில் ஈரம் கட்டி நிற்கும் பிற்பகலில், கரண்டும் போனால் அந்த நாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். அது குறட்டை விடுவதை வீடியோ எடுத்து ரசிக்கிறோம். மூச்சுக்கு அது படும் பாடு அந்தச் சத்தம்.

இந்தக் கொட்டகைக்காரர் பக் வளர்ப்பை விட்டுவிட்டார். பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெட்டைதான் காரணம். “வயித்தக் கிழிக்காம குட்டி போட முடியலன்னா அது என்ன வளர்ப்பு சார்?” பெரிய தலை, குறுகிய இடுப்பு: புல்டாக் வகையில் இது இன்னும் மோசம். புல்டாக், பிரெஞ்சு புல்டாக் இனங்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஈற்றுகள் அறுவையில்தான் பிறக்கின்றன என்று 2010இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. தானாகக் குட்டி போட முடியாத விலங்கை நாமே உருவாக்கி, அதற்கு அதிக விலையும் வைத்திருக்கிறோம்.

பாகூரில் சந்தித்த இளைஞர், கண்காட்சிகளில் நாயை நடத்திக் காட்டும் ஹேண்ட்லர். வார நாட்களில் தொழிற்சாலை வேலை. ஷோ சீசனில் ஞாயிறுதோறும் யாருடைய நாயையாவது கூட்டிக்கொண்டு ரிங்கில் ஓடுகிறார். பயிற்சி ஏரிக்கரையில். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நெல் வயல், நேராக ஓட நல்ல இடம். நாயின் நாலு காலையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நிறுத்துவது, பல்லைப் பிடித்துப் பார்த்தால் முகம் திருப்பாமல் இருக்கப் பழக்குவது, வார் தொய்யாமலும் இழுக்காமலும் நாயின் நடைக்குத் தன் நடையைப் பொருத்துவது எல்லாம் பொறுமை கேட்கும் வேலை. அடியில்லை, அதட்டலில்லை, இடுப்புப் பையில் அவித்த ஈரல் துண்டுகள். அவர் கையில் நாய் சந்தோஷமாக ஓடியது.

கண்காட்சியே கொடுமை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாயின் உடம்பை இவ்வளவு கூர்ந்து பார்க்கிற கண் வேறு யாருக்கு இருக்கிறது? குறை, அந்தக் கண்ணை எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. ரிங்கில் நிற்கும் லேப்ரடார்கள் பல, ஓடி வேலை செய்யும் நாய்க்கு இருக்க வேண்டியதைவிடச் சதை போட்டவை. ஜெர்மன் ஷெப்பர்டின் முதுகு சரிந்துகொண்டே போனதும் பரிசுக்காகத்தான். இளைஞர் சொன்னதை மறக்க முடியவில்லை: “ரிங்குல ரெண்டு நிமிஷம் நல்லா ஓடினா ஜட்ஜுக்குப் போதும்ண்ணே. காலையில படுத்த எடத்துலேருந்து எப்படி எழுந்திரிக்குதுன்னு நான்தான் பாக்கறேன்.” பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போல் தத்தி ஓடும் நாயைக் கண்டால் உரிமையாளரிடம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறாராம். சிலர் எடுக்கிறார்கள், சிலர் ஹேண்ட்லரை மாற்றிவிடுகிறார்கள்.

வெளிநாட்டு நாய்க்குத்தான் நோய், நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்ற பேச்சு நம்மிடம் பலமாக இருக்கிறது. 2005இல் ராஜபாளையம் நாய் தபால்தலையில் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். வெயிலைத் தாங்குவதில் இவற்றுக்கு ஈடில்லை. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ராஜபாளையத்தின் தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் அழகுக்கான அடையாளமாகிவிட்டன, அந்த வெள்ளைக்கு ஒரு விலை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாமற்போனால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பணுக்கள் செத்துவிடும், குட்டி செவிடாகும். அக்கா குட்டிகளின் முதுகுப் பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கிறார். இரண்டு காதும் போன குட்டியை அதில் கண்டுகொள்ளலாம். ஒரு காது மட்டும் போனதைக் கருவி வைத்துச் சோதித்தால்தான் தெரியும். அந்தக் குட்டி வளர்ந்து அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. மஞ்சள் திட்டோ கறுப்பு மூக்கோ உள்ள குட்டியைக் கழிவு என்று ஒதுக்குவதை நிறுத்தினாலே பாதிக் காரியம் ஆகும் என்று நினைக்கிறேன்.

சென்னை சைதாப்பேட்டையில் அரசே இந்த நாட்டு இனங்களுக்கு இனப்பெருக்க நிலையம் நடத்திவந்தது. 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. நிலையம் மூடியது நாட்டு நாய்களை அழிக்கும் சதி என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிலையம் இருந்தாலே இனம் பிழைத்துவிடாது. இனத்தைக் காப்பது என்றால் அந்த இனத்தின் ஒவ்வொரு தாயையும் காப்பதுதான். அரசு நிலையமானாலும் வாழைத் தோப்புக் கொட்டகையானாலும் கணக்கு ஒன்றே.

கிளம்பும் முன் கொட்டகையின் கோடியில் ஒரு கிழட்டு லேப்ரடாரைப் பார்த்தேன். முலைகள் தொங்கிப்போய், முகம் நரைத்து, வெயிலில் படுத்திருந்தது. இனி குட்டி எடுப்பதில்லை என்று கருப்பையை எடுத்துவிட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுக்காமல் விட்டால் வயதான பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் கட்டக்கூடும். எல்லாக் கொட்டகைகளிலும் இப்படி வைத்துக்கொள்வதில்லை. ஓய்ந்த தாய்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று உரிமையாளரே சொன்னார். குட்டி எடுத்து எடுத்து உடம்பு உதிர்ந்த உயர்ஜாதி நாய் தெருநாய்களின் நடுவே எத்தனை நாள் தாங்கும்?

குட்டி வாங்கப் போகிறவர்களே, பேப்பரைக் கேளுங்கள், அதோடு நிற்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் வயதென்ன, எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள். அது எழுந்து நடப்பதைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று கேளுங்கள். எட்டு வாரம் ஆகட்டும், பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். தாயைக் காட்ட மறுக்கிற இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.