பத்தில் ஒன்று

மாருதி ஜிப்சியின் நீளம் 4010 மில்லிமீட்டர், அகலம் 1540. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2375. இவற்றைப் பத்தால் வகுத்தால் 401, 154, 237.5 என்று வரும். ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும் வண்டி. கள்ளக்குறிச்சிப் பட்டறைகளில் உளி பிடித்துப் பழகியவருக்கு இந்த அளவில் ஒரு ஜிப்சி உருவத்தைச் செதுக்குவது பெரிய காரியம் இல்லை. நான் செய்வது மண் தடத்தில் பந்தயம் ஓடி முடித்து வந்து நிற்கிற ஜிப்சி. அதற்குப் பத்தால் வகுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நீளத்துக்கு ஒரு கணக்கு, எடைக்கு இன்னொரு கணக்கு. ஸ்பிரிங், மண், நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. இத்தனை காலம் இந்த வேலையில் கற்றதை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏன் ஜிப்சி? 1985இல் 970 சிசி என்ஜினுடன் வந்த வண்டி அது. 1993இல் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடியது. 1996இல் 1.3 லிட்டர் என்ஜினோடு ஜிப்சி கிங் ஆனது. இந்தியாவில் மண் தடத்து ராலி என்றாலே ஒரு தலைமுறைக்கு இந்த வண்டிதான் கண்முன் வரும். ஹரி சிங் இதை ஓட்டித்தான் நாடறிந்த பெயரானார். 1999இல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயாவைப் பலமுறை வென்ற சுரேஷ் ராணாவின் பெயரும் இந்த வண்டியோடு சேர்ந்தே பேசப்படுகிறது. நம் பக்கத்திலும் மோட்டார் பந்தயத்துக்கு நீண்ட மரபு இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. கோவையில் கரிவரதன் பந்தய கார்களைத் தாமே கட்டினார். அதே கோவையைச் சேர்ந்த லீலாகிருஷ்ணன் தேசிய ராலிப் பட்டங்களை வென்றார்.

மாதிரி செய்கிறவனுக்கு ஜிப்சியைப் பிடிக்க வேறொரு காரணமும் உண்டு. அதன் உடற்கூறு ஒளிவு மறைவற்றது. ஏணி போன்ற சேஸிஸ், அதன்மேல் உட்காரும் பாடி, முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். வண்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தால் எது எதைத் தாங்குகிறது என்று சிறுபிள்ளைக்கும் புரியும். அடிப்பக்கத்தைச் சரியாகச் செய்யாத ஜிப்சி மாதிரியை நான் முடிந்த வேலையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேக்கு, வாகை, பூவரசு என்று நம் பட்டறைகளில் புழங்கும் மரங்களில் தெய்வ உருவங்களும் கதவு நிலைகளும் உருவாகின்றன. சிற்பிகளுக்கு அளவு மாற்றம் புதிதல்ல. தாலக் கணக்கில் முகத்தின் நீளமே அலகு. நான்கு விரல் உயரச் சிலையானாலும் நான்கடிச் சிலையானாலும் அதே விகிதத்தில் செதுக்கலாம். அந்தப் பயிற்சிதான் எனக்கும் அடித்தளம். ஆனால் தெய்வ உருவத்தில் தேய்மானம் கிடையாது. காலமும் காயமும் தொடாத உடலைத்தான் சிற்பி தேடுகிறார். பந்தய வண்டியில் தேயாத இடமே கிடையாது. அந்தத் தேய்மானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். சிற்பத்தில் கற்ற ஒழுங்கைக் கைவிடாமல் இந்த இரண்டாவது கண்ணையும் பழக்கிக்கொள்வதுதான் இந்த வேலையின் முதல் படி.

நீளத்திலிருந்து தொடங்கலாம். பாடிக்கு நான் எடுப்பது வெட்பாலை. வெளிர் நிறம், நெருக்கமான நார், உளிக்கு இணங்கும் குணம். சேஸிஸுக்கு வேங்கை, நீளவாக்கில் நார் ஓடும் துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். எல்லாம் மரக்கடையில் மிஞ்சும் துண்டுகளிலேயே கிடைத்துவிடும். சிக்கல் தகட்டின் கனத்தில் வருகிறது. வண்டித் தகடு முக்கால் மில்லிமீட்டரை ஒட்டிய கனம். பத்தில் ஒன்று என்றால் தலைமுடியின் பருமன். மரத்தை அப்படி இழைக்க முடியாது, இழைக்கவும் வேண்டாம். கண் கனத்தை அளப்பது ஓரத்தில்தான். மட்கார்டின் விளிம்பையும் ஜன்னல் ஓரத்தையும் மட்டும் உள்பக்கமாகச் சாய்த்துச் செதுக்கி, வெளியே தெரியும் கோட்டைக் கூர்மையாக்கிவிட்டால் மொத்தப் பாடியும் தகடாகிவிடும். சிற்பி இலைக்கொடியின் அடியை உள்ளே குடைந்து இலையை மெல்லியதாகக் காட்டுகிறாரே, அந்தப் பழைய நுட்பம்தான் இது.

உள்ளே ரோல் கேஜ். பந்தய விதிப்படி பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் குழாய், மற்றவற்றுக்கு 38. மாதிரியில் 4.5, 3.8. இதற்குப் பிரம்பைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. ஆவியில் காட்டி அச்சில் வளைத்துக் கட்டி வைத்தால் ஆறியபின் வளைவு நிற்கும். உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். மூலைகளில் வெல்டிங் மணிகள் தெரிய வேண்டும். ஒற்றை இழை நூலைப் பசையில் தோய்த்து இணைப்பைச் சுற்றி ஒட்டினால் போதும்.

இரண்டாவது, எடை. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றாகும்போது எடை ஆயிரத்தில் ஒன்றாகும். ஜிப்சி ஏறத்தாழ ஒரு டன். ஆகவே மாதிரி ஏறத்தாழ ஒரு கிலோ இருக்க வேண்டும். குடைந்த வெட்பாலை அந்த எடைக்கு வராது. குறையும் எடையை ஈயத் துண்டுகளாகச் சேர்க்கிறேன். ஆனால் கிடைத்த இடத்தில் திணிப்பதில்லை. என்ஜினும் கியர் பெட்டியும் இருக்கும் இடத்தில் பெரும்பகுதி. ஓட்டுநரும் நேவிகேட்டரும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ என்றால் இருக்கைகளுக்கு அடியில் நூற்றைம்பது கிராம். முன் சக்கரங்களுக்கு அடியில் ஒன்று, பின் சக்கரங்களுக்கு அடியில் ஒன்று என இரண்டு சமையலறைத் தராசுகளை வைத்தால், எந்தப் பக்கம் எவ்வளவு அமர்கிறது என்று தெரிந்துவிடும். எடை சரியாக அமர்ந்தால்தான் வண்டி நிற்கும் சாயல் சரியாக வரும்.

அந்தச் சாயலைத் தீர்மானிப்பது மூன்றாவது கணக்கான ஸ்பிரிங். இந்தக் கலையில் என்னை மிகவும் வியக்க வைத்தது இதுதான். உண்மைப் பட்டை ஆறு மில்லிமீட்டர் கனம் என்றால் மாதிரியில் 0.6. அதை எஃகிலேயே செய்தால் அளவு சரியாக இருக்கும், ஆனால் பட்டை போதிய அளவு வளையாது. பெரிய வண்டியின் பாரத்தில் பத்து சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங், மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். ஆனால் ஒரு மில்லிமீட்டர்தான் அமுங்கும். எடை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைகிறது. பட்டையின் விறைப்போ பத்தில் ஒன்றாக மட்டுமே குறைகிறது. இந்த இடைவெளியை நிரப்ப, எஃகைவிடப் பத்து மடங்கு இளக்கமான பொருள் வேண்டும்.

அப்படியொரு பொருள் கல்வராயன் மலையில் வளர்கிறது. முற்றிய மூங்கிலின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு மாதிரிக்கு, அதே வடிவில், அதே அடுக்கில், மூங்கில் பட்டை வைத்தால் அமுக்கம் தானாகவே பொருந்திவிடுகிறது. கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகும் கையால் அமுக்கிப் பார்க்கும்போது நம்ப முடியாத மகிழ்ச்சி வரும். பானெட்டின் மேல் ஒரு விரல் வைத்து அழுத்தினால் முன்பக்கம் இறங்கி, விட்டதும் எழுந்து அமர்கிறது.

கூடை முடைபவர்களிடமிருந்து பிளாச்சு வாங்குகிறேன். கணு இல்லாத நடுப்பகுதி, பச்சைத் தோலை ஒட்டிய வெளிப்புறம். நார் நெருக்கமாக இருப்பது அங்கேதான். கனத்தை இழைத்துச் சரிசெய்து, தணலில் காட்டி வளைத்து, நீளம் குறைந்துகொண்டே வரும் பட்டைகளை அடுக்கி, யூ போல்ட்டுக்குச் செம்புக் கம்பி பூட்டுகிறேன். மூங்கிலுக்கு ஒரு குணம் உண்டு: மாதக்கணக்கில் பாரம் சுமந்தால், அதிலும் மழைக்காலத்தில், மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். ஆகவே காட்சிக்கு வைக்கும்போது சேஸிஸுக்கு அடியில் முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்கி வைப்பது நல்லது.

நான்காவது மண். மண் துகளைப் பத்தால் வகுக்க முடியாது. தரையிலிருந்து அள்ளிய மண்ணை அப்படியே மாதிரியில் பூசினால், அரை மில்லிமீட்டர் மணல் துகள் ஐந்து மில்லிமீட்டர் ஜல்லியாகத் தெரியும். வண்டிமேல் தூசு படிந்ததுபோல இருக்காது; சரளைக் குவியலில் விழுந்து எழுந்ததுபோல இருக்கும். ஆகவே கச்சிராயப்பாளையம் தாண்டி மலையேறும் சாலையோரத்துச் செம்மண்ணைக் கொண்டுவந்து, உலர்த்திப் பொடித்து, வேட்டித் துணியில் சலிக்கிறேன். சலித்ததை நீரில் கலக்கிச் சற்றுப் பொறுத்தால் பருமனான துகள்கள் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்து, இரவு முழுக்கத் தெளியவைத்து, அடியில் படியும் வண்டலை உலர்த்துகிறேன். விரலில் தேய்த்தால் துகள் தட்டுப்படாத அந்த வண்டல்தான் மாதிரியின் தூசு. சலிக்கும்போது துணியிலேயே தங்கும் இரண்டு மில்லிமீட்டர் மணிகளைத் தனியே எடுத்து வைப்பேன். அவைதான் மட்கார்டுக்குள் சிக்கிய ஜல்லிகள்.

நீரும் அப்படித்தான். ஒரு துளி நீர் மாதிரியின்மேல் விழுந்தால், பெரிய வண்டியில் நான்கு விரற்கடை அகலத் துளி விழுந்ததுபோல இருக்கும். சேறு வழிந்த கோடுகளை நீரை ஓடவிட்டு உண்டாக்க முடியாது. ஒற்றை மயிர்த் தூரிகையால்தான் இட வேண்டும். மண்ணைப் பிடிக்கவைக்க நீர்த்த புளியங்கொட்டைப் பசை. காய்ந்தால் மினுக்காது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம்.

ஐந்தாவது நிறம். இருபது மீட்டர் தூரத்தில் நிற்கும் ஜிப்சியும் இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும் மாதிரியும் கண்ணுக்கு ஒரே அளவு. ஆனால் பெரிய வண்டியை நாம் இருபது மீட்டர் காற்றையும் தூசியையும் ஊடுருவிப் பார்க்கிறோம். அதன் நிறம் வெளுத்துத்தான் தெரியும். அதே பெயின்ட்டை மாதிரிக்கு அடித்தால் அடர்த்தியாகக் கண்ணைக் குத்தும். ஆகவே எந்த நிறத்திலும் கொஞ்சம் வெள்ளை கலக்கிறேன். மினுமினுப்பை உப்புத்தாளால் தணித்துவிடுகிறேன்.

இந்த ஐந்தும் கூடிய பிறகுதான் வண்டிக்கு வரலாறு எழுத உட்கார முடியும். ராலியில் வண்டிகள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. அதனால் பெரும்பாலும் தன் மண்ணைத் தானே கிளப்பித் தானே பூசிக்கொள்ளும் வண்டி அது. முன் சக்கரம் வீசும் மண் கதவின் கீழ்ப்பாதியில் விசிறியாகப் படியும். பின் மட்கார்டின் முன்விளிம்பில் கல் பட்டுப் பெயின்ட் உதிரும். பின்கதவில்தான் தூசு மிகுதி. செங்குத்தான அந்த முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, கிளம்பிய தூசு திரும்ப இழுக்கப்பட்டு அங்கேயே அப்பிக்கொள்கிறது. முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவு மட்டும் தெளிவாக இருக்கும். சம்ப் கார்டின் கீறல்கள் முன்னிருந்து பின்னாக மட்டுமே ஓடும். குறுக்கே ஒரு கீறல் போட்டாலும் அது பொய். வளைவுகளில் சறுக்கித் திரும்பிய டயரின் பக்கச் சுவர் வெளுத்திருக்கும்.

மண்ணின் அடுக்குகளுக்கும் வரிசை உண்டு. சமவெளியின் கரிசல் சேறு அடியிலும் மலையின் செம்புழுதி மேலேயும் இருந்தால் வண்டி மேலே ஏறியிருக்கிறது. செம்மண்மேல் கரிசல் தெறித்திருந்தால் இறங்கி வந்திருக்கிறது. இதை எந்தப் படமும் எனக்குக் கற்றுத்தரவில்லை. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கமிருந்து மக்களையும் மரவள்ளியையும் ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புகளையும் பிக்கப்புகளையும் உற்றுப் பார்த்துத்தான் கற்றேன். பந்தய வண்டிக்கும் பாரவண்டிக்கும் மண் ஒரே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறது.

நுணுக்கமான மாதிரி என்றால் பாகங்களை எண்ணிப் பாராட்டுவது வழக்கமாக இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் முள் வரை வைத்திருக்கிறார் என்பார்கள். முள் இருக்கட்டும், நானும் வைக்கிறேன். ஆனால் எடை எங்கே அமர்கிறது, அந்த எடையில் ஸ்பிரிங் எவ்வளவு தாழ்கிறது, தாழ்ந்த வண்டி எங்கே உரசுகிறது, உரசிய இடத்தில் எந்த மண் ஒட்டுகிறது என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து வரும்போதுதான் மாதிரி உயிர் பெறுகிறது. இதில் ஒரு கண்ணி பிசகினாலும், எதனால் என்று சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவார்.

நம் மாவட்டத்துப் பட்டறைகளில் உளி பிடிக்கும் இளைஞர்கள் இதைக் கையிலெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கை இருக்கிறது, மரம் இருக்கிறது, மலையும் மண்ணும் மூங்கிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. பாடியைச் செதுக்குவதில் தொடங்காதீர்கள். அதில் உங்களுக்குக் கற்க அதிகம் இல்லை. ஒரு பிளாச்சை 0.6 மில்லிமீட்டருக்கு இழைத்து, அடுக்கிக் கட்டி, ஒரு சக்கரத்தின் பங்கான கால் கிலோவை அதன்மேல் ஏற்றி, எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மீதி வண்டியை அந்த அளவிலிருந்து கட்டத் தொடங்கலாம்.