சுவருக்குள் ஓடிய வானொலி

2011 ஜனவரி 18, காலை பத்து மணி. சான் பிரான்சிஸ்கோவில் 90.3 எஃப்.எம்.மில் பாடிக்கொண்டிருந்த கே.யூ.எஸ்.எஃப். வானொலி சட்டென்று நின்றது. அதை நடத்திவந்த தொண்டர்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் அந்த அலைவரிசையை 37.5 லட்சம் டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டிருந்தது. வாங்கவந்தது தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு செவ்வியல் இசை வானொலி அமைப்பு.

ஊரின் இசைக்குழுக்கள் கொதித்துப்போயின. வானொலியை மீட்கும் வழக்குச் செலவுக்காகக் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். அவர்களுடைய ஆத்திரம் எனக்குப் புரிந்தது. கேசட்டில் பதிந்த முதல் பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் அதைக் காதுகொடுத்துக் கேட்டு ஒலிபரப்ப ஆள் இருந்த இடம் அது. 1982-ல் அங்கே ‘ராம்பேஜ் ரேடியோ’ என்ற ஹெவி மெட்டல் நிகழ்ச்சியைத் தொடங்கியவர்களில் ரான் குயின்டானாவும் ஒருவர். தன் பத்திரிகைக்கு வைக்கலாம் என்று அவர் யோசித்துவைத்திருந்த பெயர்களில் ஒன்றுதான் மெட்டாலிகா. நண்பர் லார்ஸ் உல்ரிக் அதைத் தன் குழுவுக்கு எடுத்துக்கொண்டார். பெரிய நிலையங்கள் எதுவும் சீண்டாத காலத்தில் அந்த இசைக்கு நள்ளிரவில் இடம் கொடுத்தது இந்தக் கல்லூரி வானொலி.

இத்தனை பேர் சம்பளமில்லாமல் வளர்த்ததை ஒரே கையெழுத்தில் எப்படி விற்க முடிந்தது? அந்த அதிகாரம் எங்கே பிறந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

நிலையத்தின் பழைய வரலாற்றைப் புரட்டினால், எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல்தான் தொடங்கியிருக்கிறது. உரிமம் அதற்குமுன் ஒரு பைபிள் கல்லூரியிடம் இருந்தது. ஆனால் மாணவர்கள் 1963-லேயே வளாகத்துக்குள் வானொலி நடத்தியிருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் பதினான்கு வருடம் எப்படி ஓட்டினார்கள்?

விடையைத் தேடிப் போனது 1936-க்கு. ரோட் ஐலண்டில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆபிரஹாம், டேவிட் போர்ஸ்ட் என்ற இரண்டு மாணவர்கள் விடுதி அறைகளுக்கிடையே கம்பி இழுத்து, நண்பர்களுக்குப் பாட்டுப் போட்டார்கள். நாளடைவில் கல்லூரி வானொலிகளுக்கு ஒரு வழி பிடிபட்டது: கட்டடத்தில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியிலேயே வானொலி அலையை ஏற்றிவிடுவது. விளக்குக்குப் போகும் அதே கம்பியில் பாட்டும் போகும். அறையிலிருக்கும் ரேடியோவைச் சுவரோரம் வைத்தால் கேட்கும். வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனால் கேட்காது. அலை வெளியே பரவாததால் அரசு உரிமமும் தேவைப்படவில்லை. உரிமம் இல்லாத இடத்தில் விற்பதற்கு என்ன இருக்கிறது? நடத்துகிறவர்களுடையதாகவே அது இருந்தது.

ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் கே.டி.ஆர்.யூ. வானொலியும் 1967-ல் விடுதிக்குள் அழைப்புமணிக் கம்பியை வைத்துத் தொடங்கியதுதான். 1991-ல் அது 50,000 வாட் நிலையமானது. 2010-ல் 95 லட்சம் டாலருக்கு விலைபேசப்பட்டது.

இங்கேதான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. 1945-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் எஃப்.எம். வரிசையின் தொடக்கத்தில் இருபது இடங்களைக் கல்விக்கென்று ஒதுக்கியது. 1948-ல் பத்து வாட் போதும் என்று கதவை இன்னும் அகலமாகத் திறந்தது. நல்ல நோக்கம்தான், லாபம் பார்க்கும் நிறுவனங்கள் அங்கே நுழைய முடியாது. ஆனால் உரிமம் நிறுவனத்தின் பெயருக்குத்தான் கிடைக்கும். சுவரைவிட்டு வெளியே வந்த அன்றே வானொலி பல்கலைக்கழக நிர்வாகத்தின் சொத்துக் கணக்கில் ஏறிவிட்டது. மைக் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தாளில் இடமில்லை. பல்கலைக்கழகம் செய்தது சட்டப்படி சரியாக இருக்கலாம்; நியாயம் என்று என் மனம் ஒப்பவில்லை.

மாணவர் கையிலேயே உரிமம் இருந்தால் மட்டும் தப்பிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பிரவுனில் அந்தக் கம்பி வானொலியின் வழிவந்த டபிள்யூ.பி.ஆர்.யூ.வுக்கு, மாணவர்கள் நடத்திய தனி அமைப்பின் பெயரில்தான் உரிமம். 2017-ல் அதன் 95.5 அலைவரிசையை அவர்களே விற்றார்கள்.

கே.யூ.எஸ்.எஃப். வழக்கு 2012-ல் தோற்றது. விதிமீறல்கள் பற்றிய விசாரணையை முடித்துக்கொள்ள விற்றவரும் வாங்கியவரும் 50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். விற்பனைக்கு ஆணையம் அனுமதி தந்துவிட்டது.

ஆனால் அலைவரிசை அடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2011 ஜனவரி 4 அன்று, ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். நூறு வாட்டுக்கு மேற்படாத சமுதாய வானொலிகளுக்குப் பெருநகரங்களிலும் இடம் கொடுத்த சட்டம். வெளியே தள்ளப்பட்ட தொண்டர்கள் இணையத்தில் ஒலிபரப்பிக்கொண்டே அதற்கு விண்ணப்பித்தார்கள். இன்று 102.5-ல் கே.எக்ஸ்.எஸ்.எஃப். என்ற பெயரில் ஒலிக்கிறார்கள். இந்த முறை உரிமத்தாளில் இருப்பது அவர்களுடைய அமைப்பின் பெயர்.