பள்ளி மணிக்கும் வேனுக்கும் நடுவே

சாப்பிட அடம் பிடிக்கும் பிள்ளையிடம் விருதுநகர்ப் பக்கத்து வீடுகளில் இன்றும் சொல்வார்கள்: "சாக்குப்பையோட பிள்ளை பிடிக்கிறவன் வாரான்." ஆனால் சிவகாசி வட்டாரத்தில் பிள்ளைகளை உண்மையில் கொண்டுபோனவர் முகம் தெரியாத ஆள் அல்ல, உள்ளூர் ஏஜெண்டுதான். 1970, 80களில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து நிற்கும். பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். தூக்கம் கலையாத பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவிடுவதற்கென்றே ஏஜெண்டுக்கு மாதாமாதம் பணம் கிடைத்தது. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தெரிந்த முகத்தை நம்பும் பழக்கம் மட்டும் மாறவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்ஸோ சட்டப்படி பதிவான வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறில், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்.

மீதி நான்கும் சிறிய எண் அல்ல. 2020 ஜனவரியில் சிவகாசி அருகே எட்டு வயதுச் சிறுமி மாலையில் வெளிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. மறுநாள் சடலமாகக் கிடந்தாள். கைதானவர் அஸ்ஸாமிலிருந்து வேலைக்கு வந்தவர். ஊரின் கோபமெல்லாம் அந்த ஆள்மேல் பாய்ந்தது நியாயமே. ஆனால் கழிப்பறைக்காக ஒரு குழந்தை முள்ளுக்காட்டுப் பக்கம் தனியே போக வேண்டியிருந்ததே, அந்தக் கேள்வியை ஊரும் அரசும் சேர்ந்துதான் சுமக்க வேண்டும்.

அதற்காக வெளியூர்க்காரர் எல்லாரையும் சந்தேகித்தால் என்ன நடக்கும் என்பதை 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூர் காட்டியது. குலதெய்வத்தைக் கும்பிடச் சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மா, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், பிள்ளை கடத்த வந்தவர் என்று அவரை அடித்தே கொன்றது.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஆளை அல்ல, நேரத்தை. பள்ளி நாலு மணிவாக்கில் விடுகிறது. பட்டாசு ஆபீஸ் வேன் அம்மாவை இறக்கிவிட இருட்டிவிடும். தீபாவளி நெருங்கினால் இன்னும் தாமதம். சாவி பக்கத்து வீட்டில், பிள்ளை தெருவில். அந்த இரண்டு மணி நேரம் யார் பொறுப்பு என்று ஒவ்வொரு தெருவும் பேசி முடிவுசெய்ய வேண்டும். "அம்மா கூட்டிவரச் சொன்னாங்க" என்று யார் வந்தாலும், வீட்டுக்குள் பேசிவைத்த ஒரு சொல்லைக் கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். மாமாவோ சித்தப்பாவோ, தொட்டது பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் வாயை அடைக்காதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷன் என்றால் பயமாக இருக்கிறதா? போக்ஸோ சட்டப்படி, போலீஸ் சீருடையில்லாமல், குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது.