நூற்றுக்கு எத்தனை?

மாணவர் சேர்க்கை நடைபெறும் நாள்களில் துறைக்கு வரும் பெற்றோர் வினவுவது பெரும்பாலும் ஒன்றே: "தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு?" இதில் குற்றம் காண்பதற்கில்லை. பிள்ளையின் மூன்றாண்டுகளை நம்மிடம் ஒப்படைப்பவர்க்கு ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? எனினும், அந்த எண் எதனை அளக்கிறது என்பதை ஆராய்ந்து கூறுதல் ஆசிரியர் கடமை எனக் கருதுகிறேன்.

தமிழகத்தில் முதன்முறையாக 2012 ஜூலைத் திங்களில் நடைபெற்ற ஆசிரியர் தகுதித் தேர்வினைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கல்வியியல் கல்லூரிகளின் தரம் பாழ்பட்டதென நாடே பேசிற்று. 150 வினாக்களுக்கு அன்று தரப்பட்ட நேரம் ஒன்றரை மணி. அக்டோபரில் மறுதேர்வு நடந்தபோது அது மூன்று மணியாக்கப்பட்டது. தேறியோர் தொகை பத்தொன்பதாயிரத்தை எட்டியது. இடைப்பட்ட மூன்று திங்களில் கல்லூரிகளா மாறின?

நம் துறை மாணவர் எழுதும் 'நெட்' தேர்வோ இன்னும் விந்தையானது. 2017 முதல், தேர்வெழுதியோரில் 6 விழுக்காட்டினர் மட்டுமே உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவர் என்பது விதி. எல்லாரும் நன்கு எழுதினாலும் 94 பேர் வெளியேதான் நிற்கவேண்டும்!

இவ்வாறு கூறுவதால் தேர்வே வேண்டாமென்பது என் கருத்தன்று. மருத்துவரிடம் செல்லும் நோயாளிக்கு அவர் படித்த கல்லூரியின் வறுமைக்கதை தேவையில்லை. உரிமம் வழங்குமுன் சோதித்தே ஆகவேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் தேறாத கல்லூரி ஊருக்கு விடை கூறியே ஆகவேண்டும். ஆனால் தனியொருவரின் தகுதியைக் காண வைத்த தேர்வு, ஒரு நிறுவனத்தின் தகுதியையும் காட்டிவிடும் என்று நம்புவதில்தான் இடர் தொடங்குகிறது.

ஒரு வகுப்பில் நாற்பது பெண்கள் சேர்கின்றனர் எனக் கொள்வோம். திருமணம், வறுமை, வீட்டார் மறுப்பு என்று பன்னிருவர் இடையில் நின்றுவிடுகின்றனர். எஞ்சிய 28 பேர் தேர்வெழுதி, 26 பேர் தேறுகின்றனர். தேர்ச்சி 93 விழுக்காடு, தட்டியில் எழுதலாம். சேர்ந்த நாற்பதின்மரைக் கொண்டு கணக்கிட்டால் 65தான். நின்றுபோன பன்னிருவர் தோற்றவர் பட்டியலிலும் இல்லை. சொல்லப்போனால், தடுமாறுகிறவர்கள் நின்றுவிட்டால் விழுக்காடு உயரவே செய்யும்.

தேசிய நிறுவனத் தரவரிசையில் இதற்கு இடமே இல்லையெனல் பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் கல்லூரித் தரவரிசையில், பெண்களையும் பின்தங்கியோரையும் அரவணைப்பதற்கு நூற்றுக்கு 10 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது. கல்லூரியைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள எண்ணத்துக்கும் அதே 10தான். ஏழையைச் சேர்ப்பதும் பெயரெடுப்பதும் ஒரே எடை!

சில ஆண்டுகளுக்கு முன் சமுதாயப் பெரியவர் ஒருவர் துறைக்கு வந்தார். ஜகாத் நிதியிலிருந்து நம் மாணவியர் பலருக்குக் கட்டணம் செலுத்திவரும் நல்லுள்ளம் படைத்தவர். "தம்பி, பக்கத்துக் கல்லூரிக்காரங்க நூத்துக்கு நூறுன்னு தட்டி வச்சிருக்காங்க. நாம மட்டும் ஏன் மார்க் குறைஞ்ச பிள்ளைகளச் சேர்க்கணும்? அறுபதுக்குக் கீழ வேண்டாம்னு சொல்லிருங்களேன்" என்றார். நான் வாதிடவில்லை. அவர் கட்டணம் செலுத்திப் பட்டம் பெற்ற பதினொரு மாணவியரின் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களை எடுத்து அவர்முன் வைத்தேன். எழுவர் அறுபதுக்குக் கீழே. அவர்களுள் மூவர் பீடி சுற்றிக்கொண்டே படித்தவர்கள். ஒருவர் இன்று மேலப்பாளையத்துப் பள்ளியொன்றில் ஆசிரியை. ஹாஜியார் கண்ணாடியை அணிந்து பட்டியலை இருமுறை படித்தார். "இந்தப் பிள்ளையவும் வீட்டுக்கு அனுப்பியிருப்போமா?" என்று அந்த ஆசிரியையின் பெயரில் விரல் வைத்தார். பிறகு அப்பேச்சை அவர் எடுக்கவில்லை.

1919இல் வாணியம்பாடியிலும் 1951இல் திருச்சியிலும் சென்னையிலும் நம் முன்னோர் கல்லூரி கண்டபோது, உயர்கல்வியில் பின்தங்கிய ஒரு சமுதாயத்தைக் கைதூக்கிவிட எண்ணினர். முன்னமே தேறக்கூடியவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தேறச் செய்வதற்கு அத்துணைப் பாடு வேண்டியதில்லை.

இவ்வாண்டு முதல் எங்கள் துறைப் பதிவேட்டில், தேறியோர் தொகைக்குப் பக்கத்தில் சேர்ந்தோர் தொகையையும் எழுதிவருகிறோம். இரண்டாமாண்டில் நின்றுபோன மாணவியர் இருவரின் இல்லங்களுக்குச் சக பேராசிரியை ஒருவருடன் சென்றுவந்தேன். ஒருவர் ஜூனில் மீண்டும் வர இசைந்திருக்கிறார். மற்றவரின் உம்மா எங்களுக்குத் தேநீர் கொடுத்து, "பிள்ளைக்கு ஒரு வயசு ஆகட்டும் சார், நானே கூட்டிட்டு வர்றேன்" என்றார்.